சாவியைப் பஸ் டிரைவரிடம் கொடுத்த மகனுக்கு

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அக்கா வீட்டாரும் நலம். நீயும் நலம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும். இந்தக் கடிதம் உங்கள் குழு விடுதிக்கு வராமல் நேராக உங்கள் சபைக்கு வரும் அந்த ஊர்ப் பஸ் டிரைவர் வீட்டுக்கு வந்திருப்பதைப் பார்த்ததும், அந்த விலாசம் அம்மாவுக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் எழுந்து போகாமல் கடைசிவரை படி. அக்காவின் சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், முதல் நாள் அவள் அழவில்லை, அக்காதான் கேட்டுக்கு வெளியே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் மனிதர் பகல் முழுக்கக் கட்டிலை இழுத்து இழுத்து நகர்த்துகிறார், ஒரு மனிதன் எதற்காகத் தினமும் கட்டிலை நகர்த்த வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை, அதைக் கண்டுபிடிப்பது உன் வேலை இல்லை என்கிறார் அப்பா. அப்பா சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் உன் ஞாயிற்றுக்கிழமை போனைப் பற்றி. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தவள் நான் என்பதை நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் குரல் காலி அறைக்குள் பாத்திரம் உருண்ட மாதிரி வரும். பக்கத்தில் ஆள் இருந்தால் பேசுகிறவர் ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒரு நொடி நிறுத்துவார், சரியாகச் சொன்னோமா என்று அந்த முகத்தைப் பார்க்கிற நொடி அது. ஏழு மாசமாக நீயும் அப்படி ஒரு நொடி நிறுத்துகிறாய். சபை நாட்டும் ஊழியம் என்று நீ கடல் தாண்டிப் போய் மூன்று வருஷம் முடிந்துவிட்டது, முதல் இரண்டு வருஷமும் நீ பேசினால் வீடே கலகலக்கும், பனியில் வழுக்கிக் கோட்டோடு உட்கார்ந்துவிட்டதையும் கடையில் சோப்பு கேட்கப் போய் அவர்கள் மொழியில் மாமியாரைக் கேட்டுவிட்டதையும் சொல்லிச் சிரிப்பாய். இப்போது என்னவென்றால் எல்லாம் கிருபைம்மா, ஊழியம் வளருதும்மா, ஜெபிச்சுக்குங்கம்மா, வைக்கட்டுமாம்மா. சுற்றறிக்கை வாசிக்கிறவன் மாதிரி பேசுகிறாய். நான் அப்பாவிடம் சொன்னேன், பையன் பக்கத்துல யாரோ உட்கார்ந்திருக்காங்க என்று. அவர் செய்தித்தாளை மடிக்காமலே, உனக்கு எல்லாத்துலயும் ஒரு ஆள் தெரியுது என்றார். செய்தித்தாளை மடிக்காமல் பதில் சொன்னதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் ஊழிய அலுவலகச் செயலாளர் வீட்டுக்கு வந்தார், உனக்குத் தெரியும், எதற்கும் சிரித்த முகமாக இருப்பாரே அவர்தான். பளபளவென்று அச்சடித்த செய்தி மடலைக் கையில் கொடுத்தார். பெயின்ட் கடைக்கு மேலே நீங்கள் வாடகைக்கு எடுத்த கூடத்தின் படம் அதில் இருந்தது. பிரசங்க மேடையில் உங்கள் குழுத்தலைவர் கையை உயர்த்தி நிற்கிறார், அவருக்குப் பின்னால் இங்கிருந்து போன இன்னும் இரண்டு பேர், முன்னால் மடக்கு நாற்காலிகளில் அந்த ஊர் ஜனங்கள். உன்னைத் தேடித் தேடிக் கடைசியில் கோட்டு மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில் கண்டேன், பாதி முகத்தை யாருடைய கம்பளிக் கோட்டோ மறைத்திருந்தது. அந்தச் சபையை வீடு வீடாக ஏறி இறங்கி ஆரம்பித்தவன் நீ, மேடையில் நின்ற பிள்ளை கோட்டுக் கம்பிக்கு எப்படிப் போனான் என்று கேட்டேன். தம்பிக்குக் கொஞ்சம் உடம்பு முடியலம்மா, ஓய்வுல இருக்காரு என்றார். என்ன உடம்புக்கு என்றேன், அசதி என்றார். எந்த டாக்டர் பார்த்தார் என்றேன், கொதிக்கக் கொதிக்க இருந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டார். எழுந்து போகும்போது தட்டச்சு செய்த அரைப்பக்கத் தாள் ஒன்றை மேசையில் வைத்தார், அடுத்த மாசத்து முதல் ஞாயிறு ஆராதனையில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம், நீங்க சிரமப்பட வேணாம்னு நாங்களே எழுதிட்டோம், அப்படியே படிச்சா போதும் என்றார். என் மகனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதை இன்னொருவர் எழுதிக்கொண்டு வருகிறார் என்றால் அதில் என் மகன் இருக்க மாட்டான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. படித்துப் பார்த்தேன். உடல்நலக் குறைவால் நீ இந்த வருஷக் கடைசியில் ஊழியத்திலிருந்து விடைபெற்றுத் திரும்புகிறாய் என்று இருந்தது. என்னிடம் நீ அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

யாரிடம் கேட்பது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் உங்கள் குழுவில் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டுச் சமீபத்தில் திரும்பி வந்த பல் டாக்டர் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். வந்ததிலிருந்து ஆராதனை முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைக் காலில் சரியாகக்கூட மாட்டாமல் ஓடுகிறவள். அவளைக் கோயில் வாசலில் பிடிக்க முடியாது, அதனால் கடைவாய்ப்பல் வலிக்கிறது என்று சொல்லி அவள் கிளினிக்கில் டோக்கன் வாங்கினேன். சாய்ந்த நாற்காலியில் படுக்க வைத்து, விளக்கை மூஞ்சிக்கு நேராக இழுத்து, வாயைத் திறக்கச் சொன்னாள். உதவிக்கு நின்ற பெண் வெளியே போனதும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், என் மகனுக்கு என்ன வியாதி, சொல்லு என்றேன்.  யார் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேன்னு குழுத்தலைவர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன் ஆன்ட்டி என்றாள். கையை விடுவித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வந்தவள், நீங்க வாயைத் திறங்க, நீங்க எதுவும் கேக்கல, நானா பேசிக்கிட்டே வேலை பார்க்கிறேன் என்றாள். அப்படித்தான் நான் வாயைப் பிளந்தபடி, எதிர்க் கேள்வி கேட்க வழியில்லாமல், உன் கதையைக் கேட்டேன். எனக்குத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் அந்த நாற்காலியை வீட்டுக்கு ஒன்று வாங்கிப் போடச் சொல்வார்கள்.

அவள் சொன்னது இதுதான், தப்பிருந்தால் நீ திருத்து. சபை நன்றாக ஊன்றிவிட்டது, ஞானஸ்நானம் எடுத்தவர்கள் இருபத்தாறு பேர், இனிமேல் அதை அந்த ஊர் ஆளே நடத்தட்டும் என்று சொல்லி நீ கூடத்தின் சாவியை அவர்களில் ஒருவரான பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறாய். தலைவர் அன்றைக்கு மாலையே அவர் வீட்டுக்குப் போய்ச் சாவியைத் திரும்ப வாங்கிவிட்டார். இவங்க நேத்து முளைச்சவங்க, வேதத்தை முழுசாப் படிக்கல, இன்னும் பத்து வருஷம் நம்ம ஆட்கள் மேற்பார்வை வேணும் என்று அவர் சொல்ல, பத்து வருஷம் கழிச்சும் இதையேதான் சொல்லுவீங்க என்று நீ சொல்ல, உன்னைப் பிரசங்கத்திலிருந்து நிறுத்தி விடுதியின் துணி துவைக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார். வீட்டுக்குப் பேசினால் அலுவலகத்தில், அவர் எதிரில், ஸ்பீக்கரில் பேச வேண்டும். நீ சண்டை போட்டால் சபை இரண்டாக உடையும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டாய். அவள் கருவியை எடுத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள், அங்கிளுக்குத்தான் அவர் எல்லாம் எழுதுறாரே ஆன்ட்டி, சொல்லலையா என்றாள். அவள் விளக்கை அணைத்த பிறகும் நான் வாயை மூடவில்லை. பல்லில் நிஜமாகவே ஒரு ஓட்டை இருந்ததாம், அதையும் அடைத்துத்தான் அனுப்பினாள்.

கிளினிக்கிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேராக அப்பாவின் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அவர் உள்ளறையில் லென்ஸைச் சாணையில் பிடித்துக்கொண்டிருந்தார். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சாணை நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு ஃபிரேம் வைக்கிற இழுப்பறையின் அடியிலிருந்து ஏழு கடிதங்களை எடுத்து என் மடியில் வைத்தார். எல்லாம் கடை விலாசத்துக்கு வந்தவை, அனுப்பினவர் இடத்தில் பஸ் டிரைவரின் வீடு. முதல் கடிதத்தின் முதல் வரியே, அப்பா இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள், உடனே அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போடுவார்கள் என்று. உண்மைதான், போட்டிருப்பேன். ஆனாலும் முப்பத்தாறு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருக்கிற மனிதர் ஐந்து மாசம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பையன் எப்படி இருக்கானோ என்று நான் புலம்பும்போதெல்லாம் ஆமா ஆமா என்று தலையாட்டியிருக்கிறார். அவன் கேட்டுக்கிட்டான், நான் என்ன செய்யறது என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எண்ணெய்ப் பாட்டில் மூடி திறக்க வரவில்லை, பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. அன்றைக்குக் கடையில், எதிரே சுவரில் கண் பரிசோதிக்கும் எழுத்துகள் பெரிசிலிருந்து சிறிசாக இறங்கிக்கொண்டிருக்க, உன் எழுத்தை அங்கேயே உட்கார்ந்து படித்து முடித்தேன். சாவியைக் கொடுத்த ஞாயிறன்று பஸ் டிரைவர் பேசியபோது மூன்று பேர் தூங்கிவிட்டார்கள், திக்கித் திக்கித்தான் வேதம் வாசித்தார், ஆனால் அவர் ஒரு வேடிக்கை சொன்னதும் எல்லாரும் குலுங்கிச் சிரித்தார்கள், என் பிரசங்கத்தில் ஒருவர்கூடச் சிரித்ததில்லை அப்பா என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

முதல் ஞாயிறு வந்தது. செயலாளர் முன்வரிசையில் உட்கார்ந்து எனக்குத் தலையாட்டினார். நான் மேடையேறி அந்த அரைப்பக்கத்தை விரித்தேன், என் மகன் சில காலமாக உடல்நலக் குறைவால் என்பதுவரை படித்தேன், அதோடு நிறுத்தினேன். தாளை மடித்தேன். என் மகனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை, அந்த ஊர்ச் சபையை அந்த ஊர்க்காரங்க கையில கொடுக்கணும்னு சொன்னான், அதுக்காக அவனைத் துணி துவைக்க அனுப்பியிருக்காங்க, இந்தத் தாளை நான் எழுதல என்றேன். செயலாளர் எழுந்து ஓடிவந்து ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பினார், அம்மா பிள்ளைப் பாசத்துல உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க, பாடி ஜெபிப்போம் என்றார், பாடகர் குழுவும் எழுந்துவிட்டது. மகனே, உன்னைக் காப்பாற்றப் போய் உன்னைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். அப்போது பின்னாலிருந்து, நம் சபையை நிர்வகிக்கும் மூப்பர்களில் ஒருவர், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், சபைக் கூட்டத்தில் இதுவரை வாய் திறந்து நான் பார்க்காதவர், பாட்டை நிறுத்துங்க, அம்மா முடிக்கட்டும் என்றார். முடித்தேன். அவர் உட்காராமலே ஒரு கேள்வி கேட்டார், அந்தச் சபை யாருதுன்னு அங்க இருக்கிறவங்ககிட்ட யாராவது கேட்டீங்களா என்று. யாரும் கேட்டிருக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பாதிப்பேர் என் கையைப் பிடித்தார்கள், பாதிப்பேர் வேறு கதவு வழியாகப் போனார்கள். எந்தப் பாதியில் யார் இருந்தார்கள் என்று நான் மறக்கவில்லை.

அந்த வாரமே மூப்பர்கள் கூடி, தலைவர் வழியாகப் போகாமல் நேராகப் பஸ் டிரைவருக்கு எழுதினார்கள், அங்குள்ள இருபத்தாறு பேரும் உட்கார்ந்து பேசி என்ன வேண்டும் என்று சொல்லச் சொல்லி. பதில் போன வியாழக்கிழமை வந்திருக்கிறது, நேற்று ஆராதனையில் பல் டாக்டர் பெண் அதை மொழிபெயர்த்து வாசித்தாள். இந்தமுறை ஓடாமல் முன்னால் நின்று வாசித்தாள். கூட்டியோ குறைத்தோ சொல்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம், இன்று காலை கிளினிக்குக்குப் போய் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன், அதே வார்த்தைகள்தான். பஸ் டிரைவரே எங்களை நடத்தட்டும் என்று எழுதியிருக்கிறார்கள், மூப்பர்களும் சரி என்றுவிட்டார்கள், சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு விலகச் சொல்லித் தலைவருக்கும் எழுதியாயிற்று. அந்த மனிதரை நான் திட்டித் தீர்க்கப் போவதில்லை, முதல் குளிர்காலத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டபோது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் அவர், அந்த மொழியின் முதல் எழுத்தை உனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் நம்பவும் மாட்டேன். பதிலின் கடைசிப் பகுதிதான் நெஞ்சில் குத்தியது. உன்னைப் பற்றி, அவரைத் திருப்பி அழைக்க வேண்டாம், எங்களோடு இருக்கட்டும், ஆனால் ஒரு வருஷம் அவர் பிரசங்கம் செய்ய வேண்டாம், அவர் பேச ஆரம்பித்தால் நாங்கள் பழையபடி கையைக் கட்டிக்கொண்டு கேட்க உட்கார்ந்துவிடுவோம், நாற்காலி விரிக்கட்டும், எங்களோடு பாடட்டும், எங்களில் ஒருவராக இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் மெதுவாகச் சிரித்தார்.

நேற்றுப் பிற்பகல் நீ போனில் பேசினாய். அவர்கள் எழுதியது உனக்கு வியாழக்கிழமைக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும், நீயும் அந்தக் கூடத்தில்தானே இருந்திருப்பாய், ஆனால் ஒரு வார்த்தை அதைப் பற்றி வரவில்லை. தலைவர் எதிரில் இருந்ததால் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் வேறு மாதிரி தோன்றியது. தலைவரை, செயலாளரை, அப்பாவை எல்லாரையும் சந்தேகப்பட்டாயிற்று, மிச்சம் நீதான். கோபித்துக்கொள்ளாதே. சின்ன வயசில் உன் சைக்கிளை எதிர்வீட்டுப் பையனுக்கு ஓட்டக் கொடுத்துவிட்டு, அவன் ஓட்ட ஓட்டப் பின்னாலேயே ஓடி, இப்படித் திருப்புடா அப்படி மிதிடா என்று தெரு முழுக்கக் கத்தினவன் நீ. கொடுத்தாய், விடவில்லை. அது எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு வெளியே இருக்கிற டெலிபோன் பூத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, புதுப் பெண் எத்தனையாவது மணியில் எடுக்கிறாள் என்று எண்ணுவேன், நாலு தடவை மணி அடித்தால் எனக்குப் பொறுக்காது. இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு நாள் அந்தப் பெண், அம்மா நீங்கதானே, இங்க எல்லாம் நல்லா நடக்குதும்மா என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன், அவ்வளவு அவமானமாக இருந்தது, நல்லா நடக்குது என்பதுதான் அதில் அதிகமாக வலித்தது. அதனால் கேட்கிறேன். பேச வேண்டாம் என்று அவர்கள் சொன்னபோது உனக்கு வலித்ததா? வலிக்கவில்லை ஊழியத்துக்கு நல்லதுதானே என்று எனக்கு எழுதினாயானால் நான் நம்ப மாட்டேன். வலித்தது, ஆனாலும் நாற்காலி விரித்தேன் என்று எழுது, அதை நம்புகிறேன்.

பாஸ்போர்ட் குழு அலுவலக அலமாரியில் இருக்கிறதென்று ஐந்தாம் கடிதத்தில் அப்பாவுக்கு எழுதியிருந்தாய், அதை இன்றைக்கே கேட்டு வாங்கி உன்னிடம் வைத்துக்கொள், நாளைக்கு என்று தள்ளாதே. நீ அங்கே தங்குவதற்கு வேண்டிய காகிதங்களை இனி மூப்பர்களே அனுப்புவார்கள், லிஃப்ட் மெக்கானிக் பொறுப்பெடுத்திருக்கிறார், அவரையும் வாரம் ஒருமுறை நான் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஈரத் துணியோடு குளிரில் நிற்காதே. பஸ் டிரைவரின் வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல், ஏழு மாசம் உன் கடிதங்களுக்கு வாசலாக இருந்தவள். பஸ் டிரைவர் பேசும்போது முன்வரிசையில் உட்காராதே, உன் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார். நடுவில் எங்காவது உட்கார், வேடிக்கை சொன்னால் சிரி. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கையின் வேலையை, அது என்ன வேலையானாலும், ஆசீர்வதிக்கட்டும். பதில் உன் கையால், யார் எதிரிலும் உட்காராமல், வீட்டு விலாசத்துக்கு, என் பேருக்கு எழுது. அப்பா கீழே ஒரு வரிக்கு இடம் கேட்டார், விட்டிருக்கிறேன், நான் படித்த பிறகுதான் உறையை ஒட்டுவேன்.

உன்னை நம்பிவிட ஆசையாக இருக்கும்,
உன் அம்மா

மகனே, எனக்குச் சொல்ல ஒன்றும் மீதியில்லை, அம்மா எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். நேற்று நான் சிரித்தது சந்தோஷத்தில்தான். அப்பா.